இடக்கை முடிச்சு

சின்னப்பாலத்தில் டீயைப் பையில் கட்டித் தருகிறவர்கள்
மூன்று பேர்.
மற்ற இருவரும் நூலை வலப்பக்கம் சுற்றுவார்கள்.
நான் இடக்கைக்காரன்.
பதினேழு வருஷமாக
அது ஒரு சாட்சியம் என்று எனக்குத் தெரியாது.

பாசிக்குப் போன பெண்கள் அன்று
கரையேறி வீட்டுக்குப் போகவில்லை.
காலில் கட்டிய அலுமினியத் தட்டை அவிழ்த்துக் கையில் பிடித்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரல்களில் சுற்றிய துணி சொட்டச் சொட்ட
என் கடைக்குத்தான் வந்தார்கள்.
பூமயில் சாக்கைப் பெஞ்சில் கவிழ்த்தாள்.
மரிக்கொழுந்து தேடி முங்கிய பாறையில்
மரிக்கொழுந்துக்குப் பதிலாக முளைத்திருந்தவை.

"எண்ணிக்கோ சந்தியாகு.
நாப்பத்தி மூணு. எல்லாம் ஒன் முடிச்சு."

கவர் எல்லாக் கடையிலும்தான் இருக்கு, என்றேன்.
ஹவ்வா பீவி ஒன்றை வெயிலில் தூக்கிக் காட்டினாள்.
உள்ளே டீ இல்லை, கடல் இருந்தது,
அரை டம்ளர் கடல்,
அதில் நகம் அளவு ஒரு நண்டு, செத்து.
"என்ன இறுக்கம்டா யப்பா,
கடலாலேயே அவுக்க முடியல."

வெட்கத்துக்கு முன்னால்
ஒரு நொடி
பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சீனித் தராசிலேயே நிறுத்தார்கள்.
பாசி எடை எழுதும் அதே நோட்டில்
ஜெனோவா என் பெயருக்கு நேரே எழுதினாள்.
பிறகு பரோட்டாக் கடை.
பிறகு கோயில் திருவிழாக் கமிட்டி:
அசன விருந்துக் கப்புகள், இரண்டு சாக்கு, தலைவர் வாசலில்.
ஐஸ் கம்பெனியில் தெர்மாகோல்.
வலைத்துண்டோடு போனபோது மட்டும்
இன்னாசி நாயை அவிழ்த்துவிட்டான்.
நாய் இவர்களைத் தெரிந்த நாய்.
வாலாட்டியது.

இருபது தூக்குவாளி வாங்கினேன்.
பத்து ரூபாய் முன்பணம், வாளி திரும்பினால் காசு திரும்பும்.
எட்டு திரும்பவே இல்லை.
ஒன்றில் இன்னாசி வீட்டுக் கோழி தண்ணீர் குடிக்கிறது,
மூடி எங்கே என்று நான் கேட்கவில்லை.
ராத்திரி ரெண்டு மணிக்கு வள்ளம் தள்ளுகிறவனுக்கு
கையில் வலை, தலையில் பெட்டி,
வாளியை எங்கே மாட்டுவான்?
"ஒன் நியாயத்தை நீயே குடி" என்று
அடுத்த கடைக்குப் போனார்கள்.
கல்லாவில் சில்லறை குறைந்தது.

அந்த வாரம் மூன்று ராத்திரி
நான் மறுபடி கவரில் கட்டினேன்.
வலக்கையால்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.
மூன்றாம் ராத்திரி, என்ஜின் பக்கத்தில்
முடிச்சு தானாக அவிழ்ந்து
கொதிக்கிற டீ மொத்தமும் அருளப்பன் மடியில்.
விடிந்ததும் நொண்டிக்கொண்டே வந்து,
"சந்தியாகு கட்டுனதுன்னு நம்பி வாங்கினேனே" என்றான்.
அருளப்பன் இப்போது வாளிதான்.
வள்ளத்து மூக்கில் அதற்கென்று
ஒரு கொக்கி அடித்திருக்கிறான்.
அவனைப் பார்த்து இன்னும் நாலு வள்ளத்தில் கொக்கி.
மற்ற வள்ளங்களில் இல்லை.

நோட்டில் என் எடை குறைகிறது.
நின்றுவிடவில்லை.
பழைய வருஷங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

வாடைக் காற்று இறங்கிய ஒரு நாள்
ஜெனோவா ஒரு பிஸ்கட் உறை கொண்டுவந்தாள்.
வட்டம் வட்டமாகச் சிங்கள எழுத்து,
ஓரத்தில் பொடியாக நம் எழுத்தும்.
"இதை யாரு கடையில கொண்டு போடுறது?"
என்று கேட்டு
கிழக்கே பார்த்தாள்.
நாங்களும் பார்த்தோம்.
தண்ணீர் கண் கூசியது.
பூமயில் நோட்டை வாங்கி
பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு
எடையை மட்டும் எழுதினாள்.

அன்றிரவு கிளாஸ் கழுவும்போது கணக்குப் போட்டேன்:
பதினேழு வருஷம், எத்தனை கச்சான் காற்று.
அக்கரையில் ஏதோ ஒரு மணலில்
யாரோ ஒருத்தி குனிந்து
ஒரு கவரை எடுக்கிறாள்.
அவிழ்க்கப் பார்க்கிறாள், முடியவில்லை.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப்
பக்கத்தில் நிற்பவளிடம் சொல்கிறாள்:

இவன் இடக்கைக்காரன்.